மட்டக்களப்பிலிருந்து பழைய இராணுவப் பிலிம் கமரா சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

ஜேர்மன் விமானப்படையின் லைக்கா என்று நம்பி நான் வாங்கிய முதற் கமரா, சோவியத் ஒன்றியத்தில் செய்யப்பட்ட ஸோர்க்கியாக இருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர், மட்டக்களப்பு நகரில் ஒரு காலத்தில் ஸ்டூடியோ நடத்திய முதியவர். வில்லையைத் திருகிக் கழற்றி, உள்ளே டோர்ச்சைப் பிடித்து ஒரு தரம் பார்த்துவிட்டு, "மனே, இது ரஷ்யன் சாமான். ஜேர்மன்காரன் இந்த இடத்தில ஆப்பு வைக்கமாட்டான்" என்றார். ஆப்பு வைத்தவர் விற்றவர்தான் என்பது எனக்கு அதன் பிறகே விளங்கிற்று. கமராவின் விலை, அனுப்புசெலவு, வரி, கொழும்புப் பயணம் ஆகிய நான்கிற்கும் பணம் கொடுத்து முடித்த பின்னர் பெற்ற அறிவு அது. அதே அறிவை நீங்கள் காசு கொடுக்காமல் பெறவேண்டும் என்பதற்காக, நான் செய்திருக்கவேண்டிய வரிசையிலேயே படிகளைக் கீழே எழுதுகிறேன்.

1. எந்த அளவுப் பிலிம் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

புதியவர்கள் நாட்டைப் பார்த்தோ நிறத்தைப் பார்த்தோ தெரிவு செய்கிறார்கள். நீங்கள் பிலிமின் அகலத்தைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். 35 மில்லிமீற்றர் பிலிமில் இயங்கும் கமராவை இன்றும் பயன்படுத்தலாம். சுருளைக் கொழும்பிலிருந்து வருவித்துக்கொள்ளலாம். பொதியின் நிறையும் ஒரு கிலோவைச் சுற்றியே நிற்கும். ஜேர்மன் கமராக்களான லைக்கா IIIc, ரோபோட், அமெரிக்கத் தரைப்படை பயன்படுத்திய ஒலிவ் பச்சை நிறக் கொடாக் 35 ஆகியவை இந்த வகை.

விமானத்திலிருந்து படமெடுக்கச் செய்த கமராக்கள் பார்வைக்குக் கம்பீரமானவை. விலையும் சிலவேளை ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாக இருக்கும். பிரித்தானிய விமானப்படையின் எஃப் 24 ஐந்துக்கு ஐந்து அங்குலப் படத்தையும், அமெரிக்காவின் கே 20 நான்குக்கு ஐந்து அங்குலப் படத்தையும் எடுப்பவை. அவற்றுக்குரிய அகலமான சுருளை இப்போது கடையில் வாங்க முடியாது. பல கிலோ நிறையுள்ள ஓர் உலோகப் பெட்டிக்கு, அதன் விலையை விட அனுப்புசெலவு கூடுதலாக வருவது வழமை. அலுமாரியில் வைத்துப் பார்ப்பதற்கு மட்டும் என்றால் வாங்குங்கள். முதற் கமராவாக வாங்கவேண்டாம். கிராஃபிளெக்ஸ் நிறுவனம் அமெரிக்கப் படைகளுக்காகச் செய்த 70 மில்லிமீற்றர் கொம்பாட் கிராஃபிக்குக்கும் இதே குறை உண்டு.

ரோபோட் வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1934இல் வெளிவந்த இந்தக் கமரா, சாவி கொடுத்தால் வில்சுருளின் விசையில் தானாகவே பிலிமை நகர்த்தி, 24க்கு 24 மில்லிமீற்றர் சதுரப் படங்களை எடுக்கும். ஆனால் பழைய ரோபோட்டுகளுக்கு அவற்றுக்கென்றே செய்த பிலிம் கூடுகள் தேவை. கூடு இல்லாமல் வரும் ரோபோட் மலிவாக இருப்பதற்கு அதுதான் காரணம். பிறகு கூட்டை மட்டும் தனியாகத் தேடி, அதற்கும் ஒரு தடவை அனுப்புசெலவு கொடுக்க நேரும்.

2. கமராவுக்கு முன் பெட்டியை வாங்குங்கள்

நமது ஊரில் கமராவைக் கொல்வது வாவிக் காற்றும் மாரி மழையுமே. ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும் வீட்டுக்குள் உப்பே கசிந்து நீராகும் காலத்தில், தோலுறைக்குள் மூடி வைத்த வில்லையில் சில வாரங்களிலேயே சிலந்தி நூல் போலப் பூஞ்சணம் படரும். அது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால் எந்தச் சுத்திகரிப்பும் அதைத் திருப்பித் தராது.

மின்சாரத்தில் இயங்கும் உலர்பெட்டி விலையானது. தொடக்கத்துக்கு, றப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் அரைக் கிலோ, சிறிய ஈரமானி ஒன்று ஆகியவை போதும். ஈரமானி 40 முதல் 50 சதவீதம் வரை காட்டவேண்டும். 30க்குக் கீழே போனால் பழைய தோலும் பசையும் காய்ந்து வெடிக்கும். நீல நிற மணிகள் இளஞ்சிவப்பானதும் தாச்சியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் மறுபடியும் நீலமாகும். அந்தத் தாச்சியைச் சமையலுக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள். நீல நிறத்தைத் தருவது கோபால்ற்று உப்பு, அது உடலுக்கு ஆகாது. அரிசிக்குள் புதைத்து வைக்கும் யோசனையைப் பலர் சொல்வார்கள். அரிசித் தூள் ஷட்டருக்குள், அதாவது ஒளியை உள்ளே விடும் திரைக்குள், போனதுதான் நான் கண்ட பலன். பாச்சை உருண்டையும் வேண்டாம். அதன் ஆவி வில்லையில் படியும். தோலுறையைக் கமராவோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், பூஞ்சணம் குடியிருப்பதே அதில்தான்.

இந்தப் பெட்டியில் ஈரமானி ஒரு கிழமை ஒரே அளவில் நிற்பதைக் கண்ட பிறகே பணம் அனுப்புங்கள்.

3. போலியைக் கண்டுகொள்ளுங்கள்

இராணுவக் கமராவின் விலையில் பெரும்பகுதி அதன் மேலுள்ள பொறிப்புக்குக் கொடுக்கப்படுவது. சாதாரண லைக்காவுக்கும் விமானப்படைச் சொத்து என்று பொறித்த லைக்காவுக்கும் இயந்திரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. விலையிலோ பன்மடங்கு வேறுபாடு உண்டு. எனவே பொறிப்பைப் போலியாகச் செய்வது இலாபமான தொழிலாகிவிட்டது.

மிகப் பரவலான போலி, சோவியத்தின் ஃபெட் அல்லது ஸோர்க்கி கமராவின் மேற்தகட்டைச் சுரண்டி, லைக்கா என்ற பெயரையும் கழுகுச் சின்னத்தையும் புதிதாகப் பொறிப்பது. பொன் நிறப் பூச்சும், பாம்புத்தோல் போன்ற உறையும், 1936 பேர்லின் ஒலிம்பிக் சின்னமும் சேர்ந்து வந்தால் இரண்டாம் தடவை பார்க்கவேண்டியதே இல்லை. ஃபெட்டும் ஸோர்க்கியும் கெட்ட கமராக்கள் அல்ல. அவற்றின் சொந்தப் பெயரில், சொந்த விலையில் வாங்கினால் நன்றாகப் படமெடுக்கும்.

பார்க்கவேண்டிய இடம் கமராவின் தொண்டை. வில்லையைக் கழற்றிவிட்டு வாய்க்குள் பாருங்கள். மேல்விளிம்பின் அருகே, பொருளின் தூரத்தை அளக்கும் தூரமானியோடு இணைந்த சிறு நெம்பு ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். விரலால் மெல்ல அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வரும். உண்மையான லைக்காவில் அந்த நெம்பின் நுனியில் சிறு வட்ட உருளை இருக்கும். வில்லையின் பின்விளிம்பு அதன் மேல் உருண்டு செல்லும். ஃபெட்டிலும் ஸோர்க்கியிலும் உருளை கிடையாது. ஒரே துண்டாக வார்த்த, ஓரம் வளைந்த ஆப்பு ஒன்றுதான் இருக்கும். மேற்தகட்டைச் சுரண்டுபவர்கள் இந்த உள்ளுறுப்பை மாற்றுவதற்கு அநேகமாக மெனக்கெடுவதில்லை. விற்பவரிடம் கேட்கவேண்டிய முதற் படம் இதுதான். என் ஸோர்க்கியை விற்றவர் கமராவின் முகத்தைப் பன்னிரண்டு கோணங்களில் காட்டியிருந்தார். தொண்டையை ஒரு படத்திலும் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டாவது அடையாளம் தூரத்திலிருந்தே தெரியும். லைக்கா IIIcயின் முன்புறத்தில், மெதுவான ஷட்டர் வேகங்களுக்கான சிறிய வட்டத் திருகி உண்டு. ஸோர்க்கியின் முதல் மாதிரியிலும் பழைய ஃபெட்டிலும் அது இல்லை. முன்புறம் வெறுமையாக இருந்து, மேலே IIIc காலத்து இலக்கம் பொறித்திருந்தால் கதை முடிந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால IIIcகளின் தொடரிலக்கங்கள் 360,000க்கு மேல் தொடங்குபவை. குளிர் தாங்கும் உருளைமணித் தாங்கி (போல் பெயாரிங்) பொருத்தியவற்றில் இலக்கத்தின் பின்னே கே (K) என்ற எழுத்தும் உண்டு. இலக்கப் பட்டியல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

பிரித்தானியப் பொருட்களில் மேல்நோக்கிய அகன்ற அம்புக்குறி இருக்கும். கோழியின் கால் தடம் போலத் தெரியும். விமானப்படையின் புகைப்படக் கருவிகளில் 14A என்று தொடங்கும் களஞ்சிய இலக்கமும் சேர்ந்திருக்கும். அம்பு மட்டும் தனியாக, பள்ளத்துக்குள் அழுக்கே இல்லாமல் பளபளத்தால் ஐயப்படுங்கள். எண்பது ஆண்டுத் தூசு பள்ளத்தின் அடியில் இருக்கவேண்டும்.

ஒலிவ் பச்சை நிறமும் சான்று ஆகாது. கனன் எஃப் 1 ஒலிவ் பதிப்பும் லைக்கா ஆர் 3 சஃபாரியும் கடையில் பொதுமக்களுக்கு விற்பதற்காகவே அந்த நிறத்தில் செய்யப்பட்டவை. மறுபுறம், மேற்கு ஜேர்மன் இராணுவத்துக்குச் சென்ற ஒலிவ் நிற லைக்கா எம் 3யில் அரசுச் சொத்து என்ற பொறிப்பு உண்டு. நிறத்துக்கல்ல, சொத்துக்குறிக்கே விலை.

நம் பகுதிக்கே உரிய ஒரு பொறியையும் சொல்லவேண்டும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து எடுத்த கமரா என்று சொல்லி யாராவது ஒன்றை நீட்டினால் வாங்காதீர்கள். சுமார் 50 மீற்றர் ஆழத்தில் உப்புநீரில் இத்தனை காலம் கிடந்த அலுமினியமும் ஷட்டர்த் துணியும் எந்த நிலையில் இருக்கும் என்பதை நம் மீனவர்களிடம் கேட்டாலே சொல்வார்கள். கதை உண்மையாக இருந்தாலும், நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்த கப்பலிலிருந்து எடுத்த பொருள் அது. அதேபோல, நமது நாட்டுப் போரில் எடுபட்டது என்று சொல்லப்படும் எந்தக் கருவியையும் தொடாதீர்கள். அதற்குப் பற்றுச்சீட்டு இருக்காது. பின்னாளில் யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்தான்.

4. விற்பவரிடமிருந்து எழுத்தில் பெறவேண்டியவை

தொண்டைப் படம், அடித்தகட்டின் உட்புறப் படம், பின்னாலிருந்து டோர்ச் அடித்து எடுத்த வில்லைப் படம், ஷட்டர்த் துணியின் படம் ஆகியவற்றைக் கேளுங்கள். ஷட்டர் எல்லா வேகத்திலும் இயங்குகிறதா என்ற கேள்விக்கு "இயங்குவதாகத் தெரிகிறது" என்ற மறுமொழி வந்தால், இயங்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் விவரிப்புக்கு மாறாக இருந்தால் திருப்பி எடுப்பாரா, திருப்பி அனுப்பும் செலவை யார் ஏற்பது என்ற இரண்டையும் பணம் கொடுக்கு முன் கேட்டு வையுங்கள். விற்பனைப் பக்கத்தின் படத்தை அன்றே சேமித்துவிடுங்கள். விற்று முடிந்ததும் அது மறைந்துபோகும்.

5. செலவுக் கணக்கு

சுங்கம் வரியைக் கணிப்பது கமராவின் விலையில் மட்டுமல்ல. விலை, காப்புறுதி, அனுப்புசெலவு மூன்றும் சேர்ந்த தொகையில். உதாரணமாக, கமரா 60,000 ரூபாய், அனுப்புசெலவும் காப்புறுதியும் 12,000 ரூபாய் என்றால் கணக்குத் தொடங்குவது 72,000 ரூபாயில். 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். 72,000இல் அதுமட்டுமே 12,960 ரூபாய். ஏனைய தீர்வைகளும் அறவீடுகளும் இதற்கு வெளியே. அவற்றையும் கூட்டிய தொகையின் மீதே பெறுமதி சேர் வரி விதிக்கப்படுவதால், இறுதித் தொகை இதைவிட மேலேதான் போகும்.

விகிதங்கள் வரவுசெலவுத் திட்டத்தோடும் வர்த்தமானியோடும் மாறுபவை. ஆகையால் ஓடர் செய்யும் நாளில் சுங்கத் திணைக்களத்தின் தீர்வை அட்டவணையை நீங்களே பாருங்கள். பிலிம் கமராக்கள் 9006 என்ற தலைப்பின் கீழ் வரும். வான்வழி அளவைக்கான கமராவுக்கு அதே தலைப்பில் தனி உபபிரிவு உண்டு. சினிமாக் கமரா 9007. வரலாற்றுச் சேகரிப்புப் பொருட்களுக்கு 9705 என்ற தலைப்பு இருக்கிறது என்பதற்காக உங்கள் கமரா அதில் சேர்ந்துவிடும் என்று எண்ணிப் பணம் ஒதுக்காதீர்கள். வகைப்படுத்துவது அதிகாரியின் பொறுப்பு. வங்கி அட்டையில் செலுத்தும்போது நாணய மாற்றில் கழியும் தொகையையும், பழுதுபார்ப்புக்கு ஒரு தொகையையும் கணக்கில் சேருங்கள். கையிலுள்ள பணம் முழுவதையும் கமராவின் விலைக்கே கொடுத்துவிட்டு வரிக்குக் கடன் கேட்டு அலைவது நல்ல தொடக்கம் அல்ல.

விலையைக் குறைத்து எழுதித் தருவதாக விற்பவர்கள் சிலர் தாமாகவே முன்வருவார்கள். மறுத்துவிடுங்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது என்பதோடு, பொதி தொலைந்தால் காப்புறுதியும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான்.

6. பொதியின் மேல் எழுதப்படும் சொற்கள்

நான் செய்த இரண்டாவது பிழை இங்கேதான். என் இரண்டாம் பொதியின் சுங்கப் படிவத்தில் அனுப்பியவர் "இராணுவக் கருவி" என்று மட்டும் எழுதிவிட்டார். அந்த இரண்டு சொற்களை நான் முன்கூட்டியே தடுத்திருக்கலாம். தடுக்காததால் விளக்கக் கடிதமும் படங்களும் கொடுத்து முடிய மூன்று கிழமைகள் போயின. படிவத்தில் ஆங்கிலத்தில் எழுதவேண்டிய பொருள் இதுதான்: பாவித்த பிலிம் கமரா, தயாரித்த ஆண்டு, தயாரிப்பாளரின் பெயர், சேகரிப்புக்கானது, பற்றரி இல்லை, பிலிம் இல்லை. பொய் எதுவும் இல்லை. பொருள் என்னவென்று தெளிவாக இருக்கிறது, அவ்வளவே. பெறுமதி கூடிய பொதிக்கு முழு விவரமுள்ள சி.என். 23 படிவம் வேண்டும், சிறிய சி.என். 22 ஒட்டுச்சீட்டோடு அனுப்பவிடாதீர்கள்.

சில கருவிகளுக்குப் பெயரே வினையாகும். பிரித்தானியப் போர்விமானங்களில் பொருத்திய ஜி 45 என்பது 16 மில்லிமீற்றர் சினிமாக் கமராதான். எந்தக் குண்டும் அதிலிருந்து புறப்படாது. ஆனால் துப்பாக்கி என்ற சொல் அதன் பெயர்த்தகட்டிலேயே இருக்கிறது. சோவியத்தின் ஃபோட்டோஸ்னைப்பர் இன்னும் மோசம்: 300 மில்லிமீற்றர் வில்லையும், தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டையும், விசையும் கொண்ட அதன் உருவம் ஊடுகதிர்த் திரையில் எதைப் போலத் தெரியும் என்று சொல்லத் தேவையில்லை. பெட்டியோடு அழகாகக் கிடைக்கிறது, மலிவாகவும் கிடைக்கிறது, எனக்கும் ஆசைதான். ஆனாலும் பாதுகாப்பு அமைச்சிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு மறுமொழி பெறாமல் அதைத் தருவிக்காதீர்கள்.

7. பொதியை எடுப்பதும் காலமும்

தபாலில் வரும் பொதி கொழும்பிலுள்ள மத்திய தபால் பரிமாற்றகத்தில் சுங்கப் பரிசோதனைக்கு உட்படும். வரி விதிக்கவேண்டியதாக இருந்தால் உங்களுக்கு அறிவித்தல் வரும். தேசிய அடையாள அட்டையும் பிரதியும், அறிவித்தல், விற்பவரின் பற்றுச்சீட்டு, வங்கிக் கொடுப்பனவின் சான்று, விற்பனைப் பக்கத்தின் அச்சுப்பிரதி, தொடர் இலக்கம் தெரியும் படம் ஆகியவற்றை ஒரே கோப்பில் போடுங்கள். எல்லாவற்றிலும் இரண்டு பிரதிகள் எடுத்து வையுங்கள். ஒரு பிரதிக்காக வெளியே ஓடி வரிசையை இழப்பதைப் போல எரிச்சல் வேறு இல்லை. உறவினர் ஒருவரை அனுப்புவதானால் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதமும் அவருடைய அடையாள அட்டையும் வேண்டும்.

நேரில் போகவேண்டி வந்தால் இரவில் புறப்படும் பாடுமீன் புகையிரதத்தில் ஏறுங்கள். விடியற்காலையில் கோட்டையில் இறங்கி, அலுவலகம் திறக்கும்போதே வரிசையில் நிற்கலாம். கூரியரில் வந்தால் இந்தப் பயணம் தேவையில்லை. அவர்கள் ஆவணங்களை மின்னஞ்சலில் கேட்டு, வரியைக் கட்டிவிட்டு, தங்கள் கட்டணத்தையும் சேர்த்து வீட்டு வாசலில் அறவிடுவார்கள். இரயிலுக்கும் தங்கலுக்கும் ஒரு நாள் சம்பளத்துக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால், களுவாஞ்சிக்குடிக்கும் அக்கரைப்பற்றுக்கும் அப்பாலிருப்பவர்களுக்குக் கூரியரே இலாபம்.

ஓடர் செய்ய ஏற்ற காலம் மாசியும் பங்குனியும். பொதி சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில் வந்து சேர்ந்தால், காய்ந்த காலத்திலேயே கமராவைத் திறந்து பார்த்துப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். கார்த்திகையில் வரும் பொதி, வெள்ளத்தில் பாதை தடைப்பட்ட நாட்களில் நனைந்த சாக்குகளோடு கிடக்கும்.

8. பொதியைப் பிரிக்கும் நாள்

பிரிப்பதைக் கைபேசியில் இடைநிறுத்தாமல் ஒளிப்பதிவு செய்யுங்கள்; விற்பவரோடு தகராறு வந்தால் அதுவே உங்கள் சாட்சி. உள்ளே பிலிம் சிக்கியிருப்பதாகத் தோன்றினால் பகலில் பின்கதவைத் திறக்காதீர்கள். விறைத்த திருகியை வலிந்து திருகாதீர்கள். காய்ந்த எண்ணெய் இளகவேண்டுமே தவிர, பல்லுச்சில்லு உடையக்கூடாது. துணி ஷட்டர் உள்ள கமராவை மூடியில்லாமல் வெயிலில் வைத்தால், வில்லை சூரியனைக் குவித்து ஷட்டரில் ஊசித்துளை எரித்துவிடும். நம் ஊர் வெயிலுக்கு அதிக நேரம் எடுக்காது.

கொடாக்கின் ஏரோ எக்டார் போன்ற விமான வில்லைகள் சிலவற்றின் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கும். மஞ்சள் பாரித்த கண்ணாடி அதற்கு ஓர் அடையாளம். அவை சிறிதளவு கதிர்வீச்சை வெளியிடுபவை. அலுமாரியில் வைக்கலாம், தலையணைக்கு அருகில் வேண்டாம். தேய்க்கவோ உடைக்கவோ கூடாது. இருளில் ஒளிரும் பூச்சுள்ள பழைய விமான முகப்புகளையும் திறக்காதீர்கள், அந்தப் பூச்சில் ரேடியம் இருக்கக்கூடும்.

முதற் சுருளைக் கறுப்பு வெள்ளையாகப் போடுங்கள். வீட்டிலேயே கழுவலாம் என்றாலும், கழுவும் திரவத்துக்கு வழமையாகச் சொல்லப்படும் 20 பாகை வெப்பநிலையில் நம் குழாய்த்தண்ணீர் ஒரு நாளும் வராது. ஐஸ்கட்டி போட்ட பேசினுக்குள் திரவப் போத்தலை நிறுத்தி, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். படமெடுக்கப் போகும்போது முகாம், சோதனைச்சாவடி, விமானநிலையம் ஆகியவற்றின் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். பச்சை நிறக் கமராவைக் கண்டு யாராவது விசாரித்தால் காட்டுவதற்குச் சுங்கப் பற்றுச்சீட்டின் பிரதி ஒன்றைப் பையில் வைத்திருங்கள்.

9. பதிவேடு

கொப்பி ஒன்றில் ஒரு கமராவுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். தொடரிலக்கம், வாங்கிய திகதி, விலை, வரி, பொறிப்புகளின் படம், செய்த பழுதுபார்ப்பு, ஈரமானியின் மாதாந்த அளவு ஆகியவை அதில் இருக்கட்டும். சுங்கப் பற்றுச்சீட்டின் மூலப்பிரதியை எறியவேண்டாம்: பழுதுபார்க்க வெளிநாட்டுக்கு அனுப்ப நேர்ந்தால், திரும்பி வரும்போது அது ஏற்கெனவே உங்களுடையது என்று காட்டவேண்டியிருக்கும். அப்படி அனுப்புவதானால், அனுப்பு முன்னரே சுங்கத்தில் கேட்டு, வெளியே போகும் ஆவணத்தில் தொடரிலக்கத்தை எழுதுவியுங்கள்.

என் கொப்பியின் முதற் பக்கத்தில் ஸோர்க்கிதான் இருக்கிறது. லைக்கா என்று எழுதியிருந்ததை ஒரு கோடு கிழித்து வெட்டி, பக்கத்தில் சரியான பெயரை எழுதியிருக்கிறேன். ஷட்டர் நன்றாக இயங்குகிறது. போன ஆடியில் கல்லடிப் பாலத்தில் எடுத்த 36 படங்களில் 31 தெளிவாக வந்தன.